கொஞ்சம் கூட்டினால் என்ன?

உங்கள் பெண் சாப்பாட்டை மறந்து, கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, "1.30 தாங்குமா? 1.35 தாங்குமா?" என்று முணுமுணுத்துக் கொண்டிருக்கிறாளா? பயப்படாதீர்கள். ஜுரம் ஒன்றுமில்லை, 'ஓவர்கிளாக்கிங்' மோகம்! கம்பெனிக்காரர்கள் நிர்ணயித்த வேகத்துக்கு மேலே பிராஸஸரை ஓட்டிப் பார்க்கும் ஆசை. அவளை அதட்டுவதற்கு முன், அந்த எண்களின் அர்த்தத்தைத் தெரிந்து கொள்ளலாம், வாருங்கள்.

பிராஸஸர்தான் கம்ப்யூட்டரின் மூளை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் என்றால் விநாடிக்கு 500 கோடி தாளம். ஒவ்வொரு தாளத்துக்குள்ளும் அதிலுள்ள நுண்ணிய சுவிட்சுகள் தம் வேலையை முடித்தாக வேண்டும். தாளத்தைத் துரிதமாக்கினால் அவை பின்தங்கிக் கணக்கைத் தப்பாகப் போடும், கம்ப்யூட்டர் நின்றுவிடும். அவற்றைச் சுறுசுறுப்பாக்கும் உபாயம்தான் வோல்டேஜைக் கூட்டுவது.

இங்கேதான் ஆபத்து. வேகத்தை 10 சதவிகிதமும் வோல்டேஜை 10 சதவிகிதமும் கூட்டினால், மின்செலவு 20 சதவிகிதமா ஏறும்? இல்லை, ஏறத்தாழ 33 சதவிகிதம்! வோல்டேஜ் ஏற ஏற, செலவு அதன் வர்க்கமாக ஏறுகிறது. அந்த மின்சாரம் அத்தனையும் உஷ்ணமாக மாறுகிறது.

"அதற்குத்தான் நல்ல விசிறி போட்டிருக்கிறேனே, அம்மா!" என்பாள். விசிறி உஷ்ணத்தைத் தணிக்கும், வாஸ்தவம். ஆனால் ஆற்று வெள்ளம் கரை மண்ணை அரிப்பது போல, மிகுந்த மின்னோட்டம் சிப்பிலுள்ள மெல்லிய உலோகக் கம்பிகளின் அணுக்களை நாளடைவில் நகர்த்திவிடும். பால் பொங்கி வழிந்தால் உடனே தெரிகிறது. இந்த அரிப்போ மாதக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. இன்று ஓடுகிறது என்பது, அடுத்த வருஷமும் ஓடும் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

அப்படியானால் எந்த எண் பத்திரமானது? எல்லாச் சிப்புக்கும் பொதுவான எண் கிடையாது. 2006-இல் வந்த இன்டெல் 'கோர் 2 டுவோ' இ6600-க்குக் கம்பெனி குறித்த உச்சம் 1.5 வோல்ட். 2008-இல் வந்த இ8400-க்கோ 1.3625 தான். பெயர் ஒன்றே, ஆனால் உள்ளமைப்பு 65 நானோமீட்டரிலிருந்து 45-க்கு மெலிந்துவிட்டது. அக்காளுக்குத் தைத்த அளவு தங்கைக்குப் பொருந்துமா?

கம்பெனியே தவறியதும் உண்டு. இன்டெல்லின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை பிராஸஸர்கள் சில, யாரும் வேகத்தைக் கூட்டாமலேயே தடுமாறின. அவை தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கியதே காரணம் என்று 2024-இல் இன்டெல் தெரிவித்தது. ஆகஸ்டில் வந்த திருத்தம், 1.55 வோல்டுக்கு மேல் கேட்க விடாமல் தடுத்தது. உத்தரவாதமும் 2 வருஷம் நீண்டது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை எந்தத் திருத்தமும் பழையபடி ஆக்கவில்லை.

ஆகவே உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள்: பிறர் சொன்ன எண்ணை நம்பாமல், தன் சிப்பின் விவரக் குறிப்பைப் படிக்கட்டும். உத்தரவாதம் போய்விடுமா என்றும் பார்க்கட்டும். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டால் மதர்போர்டு தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடக் கூடும். கையால் நிர்ணயிப்பதே மேல். ஒரு தடவைக்கு 0.01 வோல்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏற்றிய பிறகு சில மணி நேரம் கடுமையான வேலை கொடுத்து, உஷ்ணத்தைக் கவனிக்கட்டும். கொஞ்சம் வேகத்துக்காக நிறைய வோல்டேஜ் கேட்கிறதா? அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வோல்டேஜ் குறைந்தால் கம்ப்யூட்டர் மயங்கி நிற்கும், மறுபடி எழுப்பிவிடலாம். கூடினாலோ ஆயுள் குறையும்.

பல பிராஸஸர்கள் கம்பெனி கொடுத்ததைவிடச் சற்றுக் குறைந்த வோல்டேஜிலும் அதே வேகத்தில், குளுமையாக ஓடுகின்றன. ஆகையால், "கொஞ்சம் கூட்டினால் என்ன, அம்மா?" என்று அவள் கேட்டால், "கொஞ்சம் குறைத்துத்தான் பாரேன்!" என்று சொல்லிப் பாருங்கள்.