உங்களுக்குத் தெரியுமா? ஒரே பாளை, இரு பானங்கள்

மன்னாரிலிருந்து வெள்ளாங்குளம் வழியாகப் பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியை அண்டிய கரையோரத்தில், குழந்தைகளும் பருகும் மதுரமான கருப்பநீரும், அந்திப்பொழுதில் தவறணையிலே நுரைத்து நிற்கும் கள்ளும், ஒரே பனம்பாளையில் சுரந்த ஒரே சாறேயாம். பேதமெல்லாம் சாறு வடியும் முட்டியின் உட்புறத்தில் தடவிய சுண்ணாம்பில்தான் இருக்கிறது!

• சுண்ணாம்பு சாற்றைப் புளிக்கவிடாது. அது இல்லாத முட்டியில், மரத்திலிருக்கும்போதே நொதித்தல் தொடங்கிவிடும்.

• கருப்பநீரைப் பாகுபதம் வரக் காய்ச்சினால் பனங்கட்டி. தேநீருக்கு ஒரு கடி போதும்.

• பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அதன் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கி, நண்டும் இறாலும் மீனும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் வெந்துகொண்டிருக்கும் பானையில் புளியோடு கரைத்துவிட்டால், அதுவே ஒடியற்கூழ். பனையோலைப் பிளாவில் வார்த்துச் சுடச்சுடக் குடிப்பதே சம்பிரதாயம்.



யாத்திரிகர்களே, கருப்பநீரை விடியற்காலையிலேயே கேட்டு வாங்கிப் பருகுங்கள். கள்ளருந்தியவர் அன்றிரவு வாகனம் செலுத்தாதிருப்பாராக.