தரைக்குள் போகும் வயர்... கான்கிரீட் போடும் முன் இதையெல்லாம் கவனிச்சீங்களா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டம் மணலூர்பேட்டை உள்ளிட்ட தென்பெண்ணைக் கரை ஊர்கள் அந்த வெள்ளத்தை எளிதில் மறக்காது. தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிடலாம். ஆனால் தரைக்குள் புதைந்திருக்கும் வயர் பைப்பில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது?

அதற்கான பதில், வீடு கட்டும்போது கான்கிரீட் போடும் நாளிலேயே இருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் வயர் போகலாமா?

போகலாம். ஆனால் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் சாதாரண பிவிசி வயரை அப்படியே புதைக்கக் கூடாது. பைப்புக்குள்தான் போக வேண்டும். வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 732. இது 2019-ல் திருத்தப்பட்டது. முதலில் பைப் வேலை முழுசா முடியணும், அப்புறம்தான் வயர் இழுக்கணும். பைப்புக்குள் எங்கேயும் ஜாயின்ட் இருக்கக் கூடாது. இணைப்பெல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பெட்டியில்தான்.

காரணம் எளிது. பத்து, இருபது வருஷம் கழித்து வயர் கெட்டுப்போனால், தரையை உடைக்காமல் பழசை உருவி புதுசை இழுக்க முடியணும்.

பைப் போடும்போது என்ன கவனிக்கணும்?

* தளத்துக்குள் போகும் பைப் மெல்லிய ரகமாக இருந்தால் ஆள் மிதித்தாலே நசுங்கும். மீடியம் அல்லது ஹெவி ரகம் நல்லது.
* திரும்பும் இடத்தில் 90 டிகிரி எல்போ வேண்டாம். அகலமான பெண்டு போட்டால்தான் வயர் சிக்காமல் வரும்.
* பைப்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போடக் கூடாது. இடையில் ஜல்லி இறங்காவிட்டால் தளம் பலவீனமாகும். அமெரிக்க கான்கிரீட் விதியில் முன்பு இருந்த வரம்பின்படி பைப்பின் வெளிவிட்டம் தளத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மையத்துக்கு மையம் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். 25 மி.மீ பைப் என்றால் சுமார் 3 இன்ச்.
* லைட், ஃபேன் லைனும் பவர் பிளக் லைனும் தனித்தனியாக இருக்க வேண்டும். லைட் லைனுக்கு குறைந்தது 1.5 சதுர மி.மீ காப்பர் வயர்.

வெள்ளம் வந்த வீட்டில்?

தாழ்வான தரைக்குள் போகும் பைப்பில் புகுந்த தண்ணீர் தானாக வெளியேறாது. தொடர்ந்து தண்ணீரில் ஊறிக் கிடப்பதற்காக வீட்டு வயர் தயாரிக்கப்படுவதும் இல்லை. அதனால் ஆற்றோரப் பகுதிகளில் லைனை மேல் தளம் வழியாகக் கொண்டுவந்து, சுவரில் கீழே இறக்கி, பிளக் பாயின்ட்டை உயரத்தில் வைப்பது பாதுகாப்பு.

தண்ணீர் புகுந்துவிட்டால், தரை காய்ந்துவிட்டது என்று மெயினைப் போடாதீர்கள். மெக்கர் கருவியால் 500 வோல்ட் செலுத்திச் சோதிக்க வேண்டும். லைவ் வயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணைய விதி. அதற்குக் கீழே வந்தால் அந்த லைனுக்கு மின்சாரம் கொடுக்காமல் பழுதைச் சரிசெய்ய வேண்டும். பைப் சரியாகப் போட்டிருந்தால் வயரை உருவி மாற்றிவிடலாம். இல்லையென்றால் தரையை உடைக்கணும்.

எம்.சி.பி இருக்கே, போதாதா?

போதாது. எம்.சி.பி வயர் சூடாகி எரியாமல் காக்கும். ஈரத் தரையில் நிற்பவர் உடல் வழியே கசியும் சிறிய மின்சாரம் அதற்குத் தெரியாது. ஆனால் உயிரைப் பறிக்க அந்த அளவே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.டி கருவி.

யாரிடம் வேலையைக் கொடுக்கணும்?

மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம்தான். பல்பு, ஃபேன், ஃபியூஸ் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்கு மட்டுமே விலக்கு.

கடைசியாக ஒரு விஷயம். கம்பி கட்டி, பைப் போட்டு முடித்ததும், ஜல்லி கொட்டும் முன் செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை தரையில் துளை போடும்போது பைப் எங்கே போகுதுன்னு சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.