ஆலை வந்த காரணமும் நிலைத்த காரணமும்

ஒரு தொழிற்சாலை ஏன் ஓர் ஊரில் எழுகிறது, அதே வசதிகள் உள்ளதாகத் தோன்றும் இன்னோர் ஊரில் ஏன் எழுவதில்லை என்பதை ஆராயும் பொருளியல் பிரிவைத் தொழிலக அமைவிடக் கோட்பாடு என்பர். மூலப்பொருள், எரிசக்தி, நீர், போக்குவரத்து, உழைப்பாளர், சந்தை, அரசின் கொள்கை என்று பள்ளிப் பாடநூல்கள் காரணிகளை அடுக்கினாலும், அவை யாவும் எல்லாக் காலத்திலும் ஒரே வலுவோடு இயங்குவதில்லை. ஒரு தொழிலை ஓர் ஊருக்கு இழுத்துவந்த காரணம் மறைந்துபோன பிறகும் அத்தொழில் அங்கேயே வேரூன்றி வளர்வது உண்டு. தமிழகத்தின் தொழில் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

இத்துறைக்கு அடித்தளமிட்ட நூலை 1909இல் வெளியிட்ட ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர், எடையைச் சுமக்கும் செலவிலிருந்து தம் கணக்கைத் தொடங்கினார். செய்முறையில் எடை இழக்கும் மூலப்பொருளைப் பயன்படுத்தும் ஆலை அப்பொருள் கிடைக்கும் இடத்தை நாடும் என்பது அவர் விதி. நூறு டன் கரும்பைப் பிழிந்தால் கிடைக்கும் சர்க்கரை ஏறத்தாழ பத்து டன்தான். எஞ்சியவை சக்கையும் கழிவுப்பாகும் நீரும். அதோடு, வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடையும் குறைகிறது, சர்க்கரைக் கட்டுமானமும் இறங்குகிறது. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் லாரியின் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் முதலில் உழவரின் வருவாயிலும் பிறகு ஆலையின் உற்பத்தியிலும் விழுகிறது. அதனால்தான் சர்க்கரை ஆலை கரும்பு வயல்களுக்கு நடுவே நிற்கிறது. சிமெண்டின் கதையும் இதுவே. ஒரு டன் கிளிங்கர், அதாவது சூளையில் சுட்டெடுத்த சிமெண்ட் கட்டி, உருவாக ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும் என்பதால் சிமெண்ட் ஆலைகள் அரியலூர் வட்டாரத்துச் சுரங்கங்களை ஒட்டியே அமைந்தன.

பருத்தி இந்த விதிக்கு எளிதில் கட்டுப்படாத பொருள். ஒரு டன் பஞ்சு நூலாகும்போது இழக்கும் எடை சிறிதே ஆதலால், பஞ்சு விளையும் இடத்திலும் ஆலை அமையலாம், துணி விற்கும் நகரத்திலும் அமையலாம். கோயம்புத்தூர் நூற்பாலை நகரமானதற்கு மூன்று இயற்கைக் காரணங்கள் கூறப்படுகின்றன. சுற்றுவட்டாரக் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது; வறண்ட காற்றில் இழை அறுந்துபோகும் என்ற நிலையில், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த ஈரக்காற்று நூற்பதற்கு உதவியது; நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் மலிவான மின்சாரத்தைத் தந்தபோது ஆலைகள் பெருகின. இன்று இம்மூன்றில் எதுவும் கோவைக்கே உரிய சிறப்பு அல்ல. பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம் போன்ற வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. ஆலைக்குள் ஈரப்பதத்தை இயந்திரம் தருகிறது. மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் பொதுவான கம்பியில் வருகிறது. ஆயினும் ஆலைகள் அங்கே இருக்கின்றன.

அவை நிலைத்ததற்கான விடை, ஆலைகளைச் சுற்றி எழுந்த பட்டறைகளில் கிடைக்கிறது. நூற்பு இயந்திரத்தின் பல்சக்கரம் ஒன்று தேய்ந்தால் அதை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் காத்திருக்க இயலாத நிலையில், உள்ளூரிலேயே வார்ப்பதற்கு ஃபவுண்டரிகளும் கடைவதற்கு லேத் பட்டறைகளும் தோன்றின. அதே கைகள், கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகளுக்குத் தேவையான பம்புசெட்டையும் அதை ஓட்டும் மோட்டாரையும் செய்யக் கற்றன. பிற்காலத்தில் அந்த மோட்டாரே கல்லோடு சேர்ந்து, புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டராயிற்று. ஆலை முதலாளிகளும் அறக்கட்டளைகளும் தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையங்கள் பொறியியல் கல்லூரிகளாக வளர்ந்தன. ஒரு பம்பின் உறையை ஒருவர் வார்க்க, மற்றொருவர் கடைய, மூன்றாமவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்ற, நான்காமவர் பொருத்தி விற்கும் இந்த ஏற்பாட்டைக் கோவையில் ஜாப் ஒர்க் என்பார்கள். பெருமுதல் இல்லாத ஒருவரும் ஒரே ஒரு லேத்தோடு தொழில் தொடங்க முடிந்தது இதனால்தான்.

ஒரே தொழிலைச் சார்ந்தோர் ஓரிடத்தில் திரள்வதால் அனைவருக்கும் கிடைக்கும் இந்த நன்மையைத் திரட்சிப் பயன் என்று பொருளியலார் குறிப்பிடுகின்றனர். 1890இல் வெளிவந்த தம் நூலில் ஆல்ஃபிரட் மார்ஷல் இதற்குத் தந்த விளக்கத்தின் சாரம் மூன்று: தேர்ந்த தொழிலாளர் தேடாமலே கிடைக்கின்றனர், துணைத் தொழில்கள் அருகிலேயே வளர்கின்றன, ஒருவர் கண்ட புது உத்தி விரைவில் ஊர்ச் சொத்தாகிறது. மண்வளம் குன்றலாம், மானியம் நின்றுபோகலாம். இந்த மூன்றையும் ஓர் ஊரிலிருந்து பெயர்த்தெடுத்துச் செல்வது அரிது.

சிவகாசியில் முதற்காரணமே இன்னும் உயிரோடு இருக்கிறது. மழை குறைந்த அவ்வூரின் வறண்ட காற்று, 1920களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கும் பின்னர் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. தீப்பெட்டிக்கு ஒட்டும் படத்தை அச்சிடப் புறப்பட்ட அச்சகங்களுக்கும் அதே வறட்சி உதவியது. ஈரத்தில் தாள் விரிந்தால், பல வண்ண அச்சில் ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் பொருந்தாமல் விலகிவிடும்.

இயற்கை வகுத்த அமைவிடத்தை அரசு மாற்றியெழுத முடியும் என்பதற்குச் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையே பெரும் எடுத்துக்காட்டு. நிலக்கரி, எஃகு போன்றவை நாட்டின் எந்த மூலையிலும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கும்படி போக்குவரத்துச் செலவை மைய அரசு ஈடுசெய்த இக்கொள்கை, 1952 முதல் 1990களின் தொடக்கம்வரை நடைமுறையில் இருந்தது. வெபரின் கணக்குப்படி அன்றைய பிகாரிலும் ஒடிசாவிலும் சுரங்கத்தருகே எழுந்திருக்க வேண்டிய பொறியியல் ஆலைகள், துறைமுகமும் சந்தையும் இருந்த மேற்கு, தெற்கு மாநிலங்களில் எழுந்தன. தமிழகத்தின் தொழில் வளர்ச்சியைப் பேசும்போது, கனிம வளம் மிக்க அம்மாநிலங்கள் இழந்ததையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அந்த வாய்ப்பை வீணாக்காமல் பிடித்துக்கொண்டது தமிழக நிர்வாகத்தின் திறமை என்பதும் உண்மை. 1971இல் நிறுவப்பட்ட மாநில அரசின் தொழில் மேம்பாட்டுக் கழகமான சிப்காட், நிலம், சாலை, நீர், மின்சாரம் ஆகியவற்றை முன்கூட்டியே ஒருங்குசேர்த்துத் தந்தது; அது தேர்ந்தெடுத்த ஓசூர், பெங்களூருவின் பொதுத்துறை ஆலைகள் உருவாக்கியிருந்த தொழில் திறமைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

1990களில் வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் சென்னையை நாடியதற்குத் துறைமுகமும் வரிச் சலுகையும் காரணங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. 1995இல் மறைமலைநகருக்கு ஃபோர்டு வந்தபோதும், 1996இல் இருங்காட்டுக்கோட்டையை ஹூண்டாய் தேர்ந்தபோதும், இங்கே வாகனத் தொழில் தெரிந்த இரண்டு தலைமுறைகள் இருந்தன. 1948இல் உருவான அசோக் மோட்டார்ஸ், 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு, அதே ஆண்டில் பெரம்பூரில் எழுந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1960களில் பாடியில் வளர்ந்த பிரேக், மின்சாதன ஆலைகள் ஆகியவை உதிரிபாகத் தொழிலின் அடிக்கட்டுமானத்தை ஏற்கெனவே இட்டிருந்தன.

உயர்தொழில்நுட்பத் தொழிலில் எடைக் கணக்கு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. இருநூறு கிராம் அளவே எடையுள்ள கைபேசியின் விலையோடு ஒப்பிட்டால் விமானக் கட்டணம் சிறிது. ஆகவே அத்தகைய ஆலை எங்கும் போகலாம் என்று எண்ணத் தோன்றும். தைவானின் சிஞ்சு நகரம் அந்த எண்ணத்தை மறுக்கிறது. 1973இல் உருவான தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும், அருகருகே இருந்த இரண்டு பல்கலைக்கழகங்களும், 1980இல் திறக்கப்பட்ட அறிவியல் பூங்காவும் முன்னரே இருந்ததால்தான் 1987இல் சிப் தயாரிக்கும் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் அங்கே பிறந்தது. சிப் ஆலைக்கு அணுவளவும் மாசில்லாத நீர் பெருமளவில் வேண்டும் என்பதால் இயற்கையும் முற்றிலும் விலகிவிடவில்லை: 2021இன் கடும் வறட்சியில் தைவானின் சிப் நிறுவனங்கள் லாரிகளில் நீர் வாங்கின, பல்லாயிரம் ஹெக்டேர் வயல்களுக்குப் பாசன நீர் நிறுத்தப்பட்டது. நீருக்குத் தவிக்கும் எந்த மாநிலமும் சிப் ஆலைக்குக் கதவு திறக்குமுன் இந்தக் கணக்கைத் தன் உழவர்களின் முன்னிலையில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழகத்தில், சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை, வரி வழக்காலும், கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டபோது அந்த விற்பனையில் சேராமல் போனதாலும் 2014இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தாங்கிய துயரம் அது. சலுகையை நம்பி வரும் ஆலை எவ்வளவு விரைவில் மறையக்கூடும் என்பதற்கும் அதுவே சான்று. ஆயினும் நுண்ணிய பாகங்களைக் கோக்கப் பழகிய கைகளும், மேற்பார்வையாளர்களும், துணை நிறுவனங்களும், சுங்க நடைமுறை அறிந்தோரும் இந்த வட்டாரத்திலேயே இருந்தனர். 2019 முதல் ஆப்பிள் கைபேசிகள் இங்கே உற்பத்தியாகத் தொடங்கியதற்கு அந்த அனுபவமும் துணைநின்றது.

வெபர் உழைப்பாளரைக் கூலிச் செலவாக மட்டுமே தம் கணக்கில் சேர்த்தார். தொலைதூர மாவட்டங்களிலிருந்து வரும் இளம்பெண்களே பெரும்பான்மையாக வேலை செய்யும் இன்றைய மின்னணு ஆலைக்கு அந்தக் கணக்குப் போதாது; அவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன உண்கிறார்கள் என்பதும் அமைவிடக் காரணியாகிவிட்டது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் பெண் தொழிலாளர்கள் நோயுற்று, சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தபோது, உலகச் சந்தைக்குக் கைபேசி அனுப்பும் இந்த வட்டாரத்து ஆலை ஒன்று சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அதன் பிறகே தங்குமிடம் என்பது தொழில் உள்கட்டமைப்பின் பகுதி என்று பரவலாக ஏற்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது.