தத்தெடுக்க விரும்புகிறீர்களா? பதிவு முதல் பிறப்புச் சான்றிதழ் வரை

குழந்தையைத் தத்தெடுக்க முடிவு செய்தவர்கள் பலரும் முதலில் தெரிந்த மருத்துவமனையிலோ பக்கத்துக் காப்பகத்திலோ விசாரிக்கிறார்கள். சட்டப்படி இரண்டும் தொடங்கும் இடமல்ல. ஆதரவற்ற, கைவிடப்பட்ட, பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க, ‘காரா’ எனப்படும் மத்திய தத்துவள ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காட்டும் வழி இது. எந்த மதத்தினரும் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்பதை, முந்தைய சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது.

யார் தத்தெடுக்கலாம்?

தம்பதி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கையும் இருவரின் சம்மதமும் தேவை. தனித்து வாழும் பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆணுக்குப் பெண் குழந்தையைத் தருவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. தனிநபருக்கு வரம்பு 40. குழந்தையின் வயது கூடக்கூட இந்த வரம்பும் உயரும். குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே குறைந்தது 25 வயது வித்தியாசம் இருக்க வேண்டும்.

படிப்படியாக

இணையதளத்தில் ஆதார், பான், வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவச் சான்று முதலியவற்றைப் பதிவேற்ற வேண்டும். இதற்கு உதவி தேவைப்பட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். அடுத்து சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசி, இல்ல ஆய்வு அறிக்கை எழுதுவார். வீடு பெரியதா என்று அளக்க அவர் வருவதில்லை. குழந்தையை வளர்க்க மனதாலும் உடலாலும் வருமானத்தாலும் நீங்கள் தயாரா என்பதே அவர் பார்ப்பது. தாத்தா பாட்டி என்ன நினைக்கிறார்கள், ஏற்கெனவே குழந்தை இருந்தால் அதன் மனநிலை என்ன என்பதையும் கேட்பார். மறைக்காமல் பேசுங்கள்.

பிறகு காத்திருப்பு. பதிவு செய்தவர்கள் பல்லாயிரம் பேர். தத்துக்குத் தயாராக உள்ள குழந்தைகளோ மிகக் குறைவு. அதனால் கைக்குழந்தைக்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். வளர்ந்த பிள்ளைகளும் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளும் மறுபக்கம் பெற்றோருக்காகக் காத்திருக்கிறார்கள். உங்களால் இயலுமானால் அவர்களைப் பற்றியும் யோசியுங்கள்.

உங்கள் முறை வந்ததும் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் இணையதளத்தில் வரும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டிக் கேட்கலாம். பின்னர் தத்து மையத்துக்குச் சென்று குழந்தையை நேரில் பார்த்து ஏற்கிறீர்கள். முதலில் வளர்ப்புப் பராமரிப்பு என்ற முறையில் குழந்தை உங்களிடம் வரும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அந்த ஆணையைக் கொண்டு உங்கள் பெயரைப் பெற்றோராகக் குறிக்கும் பிறப்புச் சான்றிதழ் பெறலாம். சொத்துரிமை உட்பட, பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் இந்தப் பிள்ளைக்கும் உண்டு. குழந்தை உங்களிடம் வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார்.

ஏன் இவ்வளவு தாமதம்?

குழந்தையை ஒப்படைத்த தாய் மனம் மாறித் திரும்பக் கேட்கச் சட்டம் இரண்டு மாதம் தருகிறது. கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேடிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் குழந்தைகள் நலக் குழு, குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்கும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்த குழந்தைகளும் சட்டமுறைப்படிதான் தத்து போகிறார்கள்.

“பணம் கொடுத்தால் உடனே குழந்தை” என்று யாராவது சொன்னால் அது குழந்தை விற்பனை. 2019இல் ராசிபுரத்தில் வெளிவந்த வழக்கு இப்படிப்பட்டதே. வாங்குபவருக்கும் சிறை உண்டு. அப்படி வாங்கிய குழந்தை எப்போது வேண்டுமானாலும் உங்களிடமிருந்து மீட்கப்படலாம். தாயிடமிருந்து அது எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தெரிவியுங்கள்.

தத்து என்பது பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளை தேடித் தருவது மட்டுமல்ல; வீடு இல்லாத பிள்ளைக்கு வீடு தேடுவது. ஒவ்வொரு விதியும் அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று எழுதப்பட்டது. வீட்டுக்கு வந்த பிறகு நீங்களும் அதே பக்கம் நில்லுங்கள்: ‘நாங்கள் தத்தெடுத்த பிள்ளை நீ’ என்பதை மழலைப் பருவத்திலேயே கதையோடு கதையாகச் சொல்லத் தொடங்குங்கள். அந்த உண்மையை அது அக்கம்பக்கத்தார் வாயால் கேட்கக் கூடாது. உங்கள் மடியில் இருந்து கேட்க வேண்டும்.