எட்டாவது கட்டம்

கைக்கு அடக்கமான ஹாம் ரேடியோப் பெட்டியின் குரல் ஊருக்குள் சில கிலோமீட்டர் போனால் பெரிது. குன்றின் மேலோ உயர்ந்த மாடியிலோ நிற்கும் ரிப்பீட்டர் அதை வாங்கி, வலுவேற்றித் திரும்ப அனுப்புகிறது. பழைய எஃப்.எம். ரிப்பீட்டருக்குப் பேசுவது யார் என்ற கவலையே இல்லை. டிஜிட்டல் ரிப்பீட்டர் அப்படியல்ல.

ஜப்பான் அமெச்சூர் ரேடியோ சங்கம் உருவாக்கிய டி-ஸ்டார் என்ற டிஜிட்டல் முறையில் நொடிக்கு 4,800 பிட் போகிறது. பிழைதிருத்தத்தோடு குரலுக்கு 3,600. மிச்சம் 1,200 தகவலுக்கு. பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் குரலுக்கு முன்பாக உங்கள் அழைப்புக்குறி கிளம்பிவிடும். உரிமத்தோடு அரசு தந்த அந்தக் குறிதான் இங்கே முகவரி. நண்பரின் குறியை இட்டு அழைத்தால், அவர் கடைசியாக எந்த ரிப்பீட்டரில் பேசினாரோ அங்கே இணையவழி உங்கள் குரல் போய் நிற்கும்.

இதற்குத்தான் பதிவு. உள்ளூர் ரிப்பீட்டரில் பேசப் பதிவு தேவையில்லை. ஊர் தாண்டுவதற்கு, ரிப்பீட்டரை இணையத்தோடு இணைக்கும் ‘கேட்வே’ கணினியில் உங்கள் குறி ஏறியிருக்க வேண்டும். விண்ணப்பித்தால் நிர்வாகி உரிமத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தருவார். அவரும் சம்பளம் வாங்காத ஹாம்தான், அவசரப்படுத்தாதீர்கள்.

ஒப்புதல் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். பாதிதான் முடிந்திருக்கிறது. மீண்டும் பதிவுப் பக்கத்துக்குள் போய் உங்கள் ரேடியோவை ஒரு ‘டெர்மினல்’ எனச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அதற்கென 10 என்று தொடங்கும் ஐ.பி. எண் கிடைக்கும். அங்கே ஒரேயொரு எழுத்து கேட்கும் சின்னக் கட்டம் இருக்கிறது. வழக்கமாக அதில் இட வேண்டியது இடைவெளி. வெறுமனே விடுவதல்ல, ஸ்பேஸ் பட்டனை ஒருமுறை தட்ட வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இல்லை. பதிவு செய்தும் குரல் போகவில்லை என்ற புலம்பல் பலவற்றுக்குக் காரணம் இந்தத் தட்டப்படாத பட்டன்தான்.

டி-ஸ்டாரில் அழைப்புக்குறிக்கு எட்டுக் கட்டங்கள். கடைசிக் கட்டம் ஒரே ஆளின் பல ரேடியோக்களைப் பிரித்தறிய உதவும். அங்கே இடைவெளியும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படும். ரிப்பீட்டர் குறியிலோ அதே இடத்தில் வரும் ‘ஜி’ எழுத்து கேட்வேயைக் குறிக்கிறது. ஆறெழுத்துக் குறி என்றால் ஏழாவதை வெற்றாக விட்டு எட்டாவதில் ‘ஜி’ போட வேண்டும். ‘ஜி’ இடம் நகர்ந்தால் குரல் உள்ளூரைத் தாண்டாது.

டி.எம்.ஆர். என்ற இன்னொரு டிஜிட்டல் முறையில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஏழு இலக்க எண்தான் அடையாளம்.

டி-ஸ்டாரில் ஒரு கேட்வேயில் பதிந்துவிட்டால், அதே வலைப்பின்னலின் இன்னொரு கேட்வேயில் மறுபடி பதியாதீர்கள்.