பார்ப்போரும் பலியாவோரும்



பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை என்றால், நமது பாடசாலைகளில் ஏழாந் தரத்திலிருந்து உயர்தர வகுப்பு வரையுள்ள பிள்ளைகள். அந்த வயதினரையே பொறுக்கி எடுத்து, ஒருவரை ஒருவர் கொல்லுமாறு ஓர் அரங்கினுள் விட்டு, அதனை நாடெங்கும் தொலைக்காட்சியிற் காட்டும் ஓர் அரசைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன். அவ்வரசு கற்பனை அரசு. அமெரிக்க எழுத்தாளர் சூசான் கொலின்ஸ் அம்மையார் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த ஹங்கர் கேம்ஸ்’ என்னும் நாவலில் அது வருகின்றது. பசி விளையாட்டுக்கள் என்று நாம் அத்தலைப்பைத் தமிழிற் சொல்லிக்கொள்ளலாம். 2009 இலும் 2010 இலும் வந்த இரு நூல்களோடு கதை நிறைவுற்றது. அதன் முற்கால வரலாறாக மேலும் இரு நூல்கள் 2020 இலும் 2025 இலும் வெளிவந்தன.

நாட்டின் பெயர் பானெம். வட அமெரிக்கா பேரழிவுகளாற் சிதைந்த பின்னர் அதன் இடிபாடுகளின்மேல் எழுந்தது. செல்வங் கொழிக்கும் தலைநகர் ஒன்று. அதற்கு நிலக்கரியும் தானியமும் மீனும் துணியும் ஈட்டிக் கொடுத்துத் தாம் பசித்திருக்கும் மாவட்டங்கள் பன்னிரண்டு. ஒரு காலத்தில் மாவட்டத்தார் கிளர்ச்சி செய்து தோற்றனர். அக்குற்றத்துக்குத் தண்டமாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பெண்பிள்ளையையும் திறையாகச் செலுத்துதல் வேண்டும். திறை என்னும் சொல்லை யான் வேண்டுமென்றே ஆளுகின்றேன். தோற்ற மன்னன் வென்ற மன்னனுக்குப் பொன்னும் யானையும் செலுத்தியதை நம் இலக்கியங்கள் திறை என்றன. கொலின்ஸ் அம்மையாரும் அப்பிள்ளைகளைக் குறிக்க அப்பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையே வைத்துள்ளார். இருபத்துநால்வர் அரங்கினுட் செல்வர். ஒருவரே உயிருடன் மீள்வர்.

இந்த நாவலில் வாளும் அம்பும் நிரம்ப உண்டு. ஆயினும் என் மனத்தை மிகவும் உறுத்தியது அவையல்ல. அதில் வரும் ஒரு சிறு கணக்கே. பிள்ளைகளைத் தெரிவது திருவுளச்சீட்டினால். பன்னிரண்டாம் வயதில் ஒருவர் பெயருக்கு ஒரு சீட்டு, பதின்மூன்றில் இரண்டு, இவ்வாறு ஏறிப் பதினெட்டில் ஏழு. இதுவரையில் எல்லோருக்கும் ஒரே நீதி போலத் தோன்றும். ஆனால் வீட்டில் அடுப்பெரியாத பிள்ளைக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு சீட்டு மிகையாக இட்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குரிய சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் இவ்வாறு பெறலாம். இட்ட சீட்டுக்கள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும். கதாநாயகி கட்னிஸ் தாயுக்கும் தங்கைக்கும் தனக்குமாக மூன்று பங்கு பெற்றவள். சட்டப்படி ஒன்று, பசியின் பொருட்டு மூன்று, ஆக ஆண்டுக்கு நான்கு. பதினாறாம் வயதில் அவள் பெயரில் 20 சீட்டுக்கள். அவளுடைய தோழன் கேல் ஐவர் கொண்ட குடும்பத்தைத் தாங்குபவன். பதினெட்டாம் வயதில் அவனுக்கு 42. ஊர்த் தலைவரின் மகளுக்கோ வயதுக்குரிய சீட்டுக்கள் மட்டுமே. சட்டம் எவரையும் வற்புறுத்தவில்லை, பசி வற்புறுத்துகின்றது. அதனால் தலைநகரின்மேற் செல்ல வேண்டிய சினம் அயல்வீட்டுச் செல்வர்மேற் செல்கின்றது. இதனைக் கேலே கதையில் எடுத்துச் சொல்கின்றான். ஏழை மாணவனுக்கு முன் ஒரு கதவைத் திறந்துவைத்து, அவன் தானே விரும்பி நுழைந்தான் என்று சொல்லும் ஏற்பாடுகளைக் கண்டோர்க்கு இக்கணக்கு கற்பனையாகத் தோன்றாது.

அந்தத் தானியப் பங்குக்குக் கதையில் வழங்கும் பெயர் தெசெரா. இது ஆசிரியர் புனைந்த சொல்லன்று. பண்டை உரோமாபுரியில் அரசு குடிகளுக்கு இலவசமாகத் தானியம் வழங்கியது. அதனைப் பெறுவதற்கான வில்லைக்கு இதே பெயர். அகுஸ்து மன்னர் காலத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் அத்தானியம் பெற்றனர். தானியத்துடன் அரங்கக் காட்சிகளும் கிடைத்தன. ஒரு காலத்தில் ஆட்சியையே தெரிந்தெடுத்த மக்கள் இவ்விரண்டினையுமே இப்போது வேண்டி நிற்கின்றனர் என்று யுவெனல் என்னும் அங்கதக் கவிஞர் சாடினார். அவர் அப்பத்துக்கு ஆண்ட இலத்தீன் சொல்லே பானெம். நாட்டின் பெயரிலேயே ஆசிரியர் தம் கருத்தை எழுதிவைத்துவிட்டார்.

உரோமரிடையே வாள்வீரர் போர் முதன்முதலாக நிகழ்ந்ததாக ஏடுகள் கூறுவது கி.மு. 264 இல். ஒரு செல்வரின் ஈமச் சடங்கில் மூன்று சோடியினர் பொருதினர். சடங்காகத் தொடங்கியது நாளடைவில் அரசியல் வித்தையாயிற்று. கி.பி. 80 இல் கொலொசியம் என்னும் பேரரங்கைத் தீத்துஸ் மன்னர் திறந்துவைத்தபோது நூறு நாள் விழா எடுத்தார். ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் அமரத்தக்க அவ்வரங்கிற் பொருதியோர் பெரும்பாலும் அடிமைகளும் போர்க்கைதிகளும் குற்றவாளிகளுமே. கி.மு. 73 இல் காப்புவா நகரின் பயிற்சிக் கூடத்திலிருந்து தப்பி ஸ்பார்த்தக்குஸ் நடத்திய கிளர்ச்சி ஈராண்டுகளில் அடக்கப்பட்டது. பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் காப்புவாவிலிருந்து உரோமாபுரி வரை நெடுஞ்சாலை ஓரமாகச் சிலுவையில் அறைந்தனர். சாலைவழிப் போவோர் எல்லோரும் அதனைக் காண வேண்டும் என்பதே நோக்கம்.

தத்துவ அறிஞர் செனெக்கா ஒருநாள் நண்பகற் காட்சிக்குச் சென்றதைக் கடிதமொன்றில் எழுதியுள்ளார். சிறிது பொழுதுபோக்கை நாடிச் சென்றவர், கேடயமுமின்றி மனிதர் கொல்லப்படுவதையே கண்டார்; கூட்டத்திடையே இருந்து மீண்டபோது தாம் முன்னிலும் கொடியவராகிவிட்டதாக உணர்ந்தார். கொல்வோரின் கொடுமையை எவரும் எழுதுவர். பார்ப்போரின் உள்ளத்துக்கு என்ன நேர்கின்றது என்று அவர் கேட்டதே புதிது. நாவலில் விளையாட்டை நடத்தும் தலைமை அலுவலனுக்கும் செனெக்கா என்றே பெயர். உரோமச் செனெக்கா நீரோ மன்னனின் ஆணையால் உயிரை மாய்த்துக்கொண்டவர். இந்தச் செனெக்காவும் அதிபதியின் சினத்துக்கு இரையாகின்றான்.

இன்னும் பழைய வேரொன்றும் உண்டு. அதென்ஸ் நகரத்தார் கிரீற்றுத் தீவின் அரசனுக்குத் தோற்று, குறித்த காலந்தோறும் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் அனுப்பினர் என்றும், சிக்கல் மாளிகையில் வாழ்ந்த எருதுத்தலை அரக்கனுக்கு அவர்கள் இரையாயினர் என்றும் கிரேக்கர் கதை கூறுகின்றது. அக்கதையைச் சிறுவயதிற் படித்து நடுங்கியதை ஆசிரியர் நினைவுகூர்ந்துள்ளார். அவருடைய தந்தையார் வியற்னாம் போருக்குச் சென்றபோது அவருக்கு வயது ஆறு. வளர்ந்தபின் சிறுவர் தொலைக்காட்சிக்கு எழுதித் தொழில் பழகினார். ஓரிரவு அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்க்கையில், ஒன்றில் இளைஞர் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சியும், மற்றொன்றில் ஈராக்குப் போர்க் காட்சிகளும் தோன்றி, இரண்டும் தம் மனத்தில் ஒன்றாய்க் கலந்தன என்று அவரே கூறியுள்ளார்.

ஆகவேதான் இக்கதையில் அரக்கனின் இடத்தில் ஒளிப்படக் கருவி இருக்கின்றது. சாவதற்குச் செல்லும் பிள்ளைகளுக்கு முதலில் தலைவாரிப் பூச்சூட்டி, நல்லாடை உடுத்தி, மேடையில் அமர்த்திப் பேட்டி காண்கின்றனர். அரங்கில் எவர் பார்ப்போரின் மனத்தைக் கவர்கின்றாரோ அவருக்குச் செல்வர் மருந்தும் உணவும் அனுப்புவர். கட்னிஸும் அவள் ஊர் ரொட்டி வணிகரின் மகன் பீற்றாவும் காதலர்போல் நடிக்க வேண்டிய நிலை இதனால் வருகின்றது. பீற்றா நடிக்கவில்லை, உண்மையாகவே காதலிக்கின்றான் என்பது வேறு துன்பம். முத்தமிட்டால் சூப்பு வருகின்றது என்பதைக் கட்னிஸ் கண்டுகொள்ளும் இடம் சிரிப்பூட்டும். சிரித்த மறுகணமே நமக்கு நாணம் வரும்.

கருவியைத் தம் வழிக்குத் திருப்பும் வித்தையையும் அவள் அங்கேயே கற்கின்றாள். பதினோராம் மாவட்டத்திலிருந்து வந்த ரூ என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஈட்டியால் இறக்கின்றாள். கட்னிஸ் அவ்வுடலைக் காட்டு மலர்களால் மூடுகின்றாள். அரங்கிற் கிடப்பது எண்ணிக்கையில் ஒன்றன்று, ஒரு பிள்ளை என்று நாடு காணும்படி செய்கின்றாள். அன்றிரவு பதினோராம் மாவட்டத்தார் தம் பசிக்கிடையே பொருள் திரட்டி அவளுக்கு ஒரு ரொட்டி அனுப்புகின்றனர். மூன்று நூல்களிலும் இதற்கு மேலான இடம் இல்லை என்பது என் கருத்து.

இத்தகைய கதை கொலின்ஸ் அம்மையாருடன் தொடங்கவில்லை. 1958 இல் றொபேட் ஷெக்லி, கொலைஞர் துரத்த ஒருவன் ஓடுவதைத் தொலைக்காட்சி காட்டுவதாக ஒரு சிறுகதை எழுதினார். 1970 இல் மேற்கு யேர்மனியில் அதனைத் தொலைக்காட்சி நாடகமாக்கி ஒளிபரப்பினர். உண்மையான போட்டி என்று நம்பியோர் சிலர். அது வியப்பன்று. ஓடுபவராகவும், இன்னுஞ் சிலர் கொல்பவராகவும், தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பித்தனர்! 1999 இல் யப்பானில் கோஷுன் தக்காமி எழுதிய ‘பற்றில் றோயல்’ என்னும் நாவலில், 42 மாணவரைக் கொண்ட ஒரு வகுப்பு முழுவதையும் தீவொன்றில் இறக்கி அரசு மோதவிடுகின்றது. அதனை 2000 இல் திரைப்படமாக்கிய கின்ஜி புக்கசாக்கு, 1945 இல் பதினைந்து வயது மாணவராக வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். குண்டு வீழ்ந்தபோது ஒருவர் உடலின்கீழ் ஒருவர் ஒளிந்ததையும், இறந்த தோழரின் உடல்களைத் தாமே அகற்றியதையும் அவர் மறக்கவில்லை. பெரியவர்களின் சொல்லில் நம்பிக்கை இழந்தது அன்றே என்றார். அவருக்கு அக்கதை எதிர்காலத்தைப் பற்றியதன்று.

பார்ப்போரைச் சாடும் கதையையும் நாம் பார்த்தே மகிழ்கின்றோம் என்பது இவற்றுக்கெல்லாம் பொதுவான இடர்ப்பாடு. ‘த ஹங்கர் கேம்ஸ்’ படமாக வந்தபின், 2013 இல், கதையின் தலைநகரத்தார் பூசும் ஒப்பனையின் பெயரால் முகப்பூச்சுக்கள் விற்பனைக்கு வந்தன. 2021 இல் உலகெங்கும் ஓடிய ‘ஸ்குயிட் கேம்’ என்னும் கொரியத் தொடர், கடனில் மூழ்கியோரைப் பணத்துக்காகச் சாகவிடும் செல்வரைப் பழித்தது. ஈராண்டில் அதே அரங்கமைப்பில், கொலை மட்டும் நீங்கலாக, 456 பேர் பங்குகொண்ட உண்மைப் போட்டியொன்று காட்டப்பட்டது.

எனினும் இளையோர் வேறு விதமாகவும் படித்துள்ளனர். நாவலில் மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துவது, அன்புக்குரியவரிடம் விடைபெறும் பழைய ஊர் வழக்கம். திரையில் அது கிளர்ச்சியின் அடையாளமாயிற்று. 2014 மே மாதத்தில் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது பாங்கொக் வீதிகளில் மக்கள் அவ்வாறு விரல்களை உயர்த்தினர். அவ்வாண்டு நவம்பரில் கோன்கேன் நகரில் ஐந்து மாணவர் பிரதமரின் முன்னிலையில் அதனைச் செய்து கைதாயினர். பாங்கொக்கிற் படக் காட்சியொன்றும் நிறுத்தப்பட்டது. 2021 பெப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அந்நாட்டின் தூதுவர் சோ மோ துன் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் தம் அரசைப் பறித்தோரைக் கண்டித்துப் பேசி, இறுதியில் அதே மூன்று விரல்களை உயர்த்தினார்.

மூன்றாம் நூலைப் பற்றி ஒரு சொல். அதனைப் பலர் விரும்பவில்லை, யான் மதிக்கின்றேன். கிளர்ச்சியாளரும் கருவியைக் கையில் எடுத்து, கட்னிஸைப் பரப்புரைப் படங்களில் நடிக்கச் செய்கின்றனர். வெற்றிக்குப்பின் அவர்தம் தலைவி, தலைநகரத்துப் பிள்ளைகளைக் கொண்டு இறுதியாக ஒரு பசி விளையாட்டை நடத்தலாமா என்று, பிழைத்திருக்கும் பழைய வெற்றியாளரிடம் வாக்குக் கேட்கின்றாள். பெரும்பான்மை ஆம் என்கின்றது. கட்னிஸின் அம்பு பின்னர் எவர்மேற் பாய்கின்றது என்பதை நூலிற் காண்க. பன்னிரண்டு வயதினர் முதல் நூலைத் தாராளமாகப் படிக்கலாம். மூன்றாவதை இரண்டோர் ஆண்டு கழித்து, வீட்டில் ஒரு பெரியவரும் உடன் படிக்கக் கொடுப்பதையே யான் விரும்புவேன். அந்த வாக்கெடுப்பில் நீங்கள் எப்பக்கம் என்று பிள்ளை கேட்கும்.