செம்மறியாடு, வெள்ளாடுகளில் இரைப்பைப் புழுத் தொற்றும் குருதி மாற்றங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஆடுகளின் நான்காம் இரைப்பையில் தங்கிக் குருதியை உறிஞ்சி வாழும் ஹீமோன்கஸ் கன்டார்டஸ் என்னும் உருளைப்புழு, வெப்பமண்டல நாடுகளில் ஆடு வளர்ப்போருக்குப் பேரிழப்பை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளுள் முதன்மையானது. இப்புழுவால் ஏற்படும் நோய், அடிப்படையில் குருதி இழப்பு நோயாகும். குருதியில் நிகழும் மாற்றங்களின் வரிசையை அறிந்தால், எந்த ஆட்டிற்கு எப்போது மருந்து தேவை என்பதையும், மந்தை முழுவதற்கும் ஒருசேர மருந்தளிப்பது ஏன் பயனிழக்கிறது என்பதையும் தெளிவாக உணரலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: செம்மறியாடு, வெள்ளாடு, ஹீமோன்கஸ் கன்டார்டஸ், குருதிச்சோகை, சிவப்பணுக் கனஅளவு, மருந்தெதிர்ப்பு.

முன்னுரை

2019ஆம் ஆண்டில் நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 இலட்சம் செம்மறியாடுகளும் 99 இலட்சம் வெள்ளாடுகளும் உள்ளன. இவற்றை வளர்ப்போரில் பெரும்பாலோர் சிறு உழவர்களும் நிலமற்றோரும் ஆவர். அவர்களுக்கு ஆடு என்பது அவசரத் தேவைக்கு விற்றுப் பணமாக்கக்கூடிய சேமிப்பு. மழைக்காலத்தில் நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு சில நாள்களில் சோர்ந்து, தாடையின் கீழ் வீங்கி, இறந்துபோவது இவர்கள் அடிக்கடி காணும் இழப்பாகும். கழிச்சல் இல்லாமலே இவ்விறப்பு நேர்வதால், புழுவே காரணம் என்னும் ஐயம் பலருக்கு எழுவதில்லை. ஆட்டின் புழுக்கை கெட்டியாகவே இருக்கும். நோய் குடலில் வெளிப்படாமல் குருதியில் வெளிப்படுவதே இதற்குக் காரணமாகும்.

1. புழுவும் அதன் வாழ்க்கைச் சுழற்சியும்

ஹீமோன்கஸ் என்னும் பெயர் 'குருதி', 'முள்' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்தது. இதன் பெண்புழு 20 முதல் 30 மில்லிமீட்டர் நீளமுடையது. குருதி நிறைந்த செந்நிறக் குடலைச் சுற்றி வெண்ணிறச் சூலகம் முறுக்கிக் கிடப்பதால், உயிருள்ள புழு சிவப்பும் வெள்ளையும் கலந்த முறுக்குக் கயிறுபோல் தோன்றும். ஆண்புழு இதனினும் சிறியது. ஒரே சீராகச் சிவந்திருக்கும்.

ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடுகிறது. முட்டைகள் புழுக்கையுடன் தரையை அடைந்து பொரிக்கின்றன. வெப்பமும் ஈரமும் பொருந்திய சூழலில் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் தொற்றும் தன்மையுள்ள மூன்றாம் நிலை இளம்புழுக்கள் உருவாகின்றன. இவை புல்லின் மேலுள்ள ஈரப் படலத்தின் வழியே மேலேறி, மேயும் ஆட்டின் வயிற்றை அடைகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலம் இப்பெருக்கத்திற்கு உகந்தது. கடும் வறட்சியிலோ, இளம்புழுக்கள் ஆட்டின் இரைப்பைச் சுவரில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்குநிலையில் காத்திருக்கவும் வல்லவை.

இரைப்பையை அடைந்த இளம்புழு நான்காம் நிலையிலேயே வாயில் சிறு ஈட்டி போன்ற உறுப்பைப் பெற்றுக் குருதியை உறிஞ்சத் தொடங்குகிறது. முட்டைகள் புழுக்கையில் தோன்றுவதற்கோ தொற்று ஏற்பட்டபின் ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். எனவே புழுக்கை ஆய்வில் முட்டை காணப்படாத ஆடு தொற்றற்றது என்று முடிவு செய்ய இயலாது. அக்கால இடைவெளியில் குருதி இழப்பு முன்பே தொடங்கியிருக்கும்.

2. குருதி இழப்பின் கணக்கு

ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் குருதி இழக்கப்படுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. புழு உறிஞ்சுவதும், குருதி உறைவதைத் தடுக்கும் பொருள்களை அது சுரப்பதால் காயத்திலிருந்து கசிவதும் இவ்வளவில் அடங்கும். தனித்து நோக்கின் இது ஒரு துளி. மொத்தமாக நோக்கும்போதுதான் இதன் கடுமை விளங்கும்.

20 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆட்டின் உடலில் ஏறத்தாழ 1.25 லிட்டர் குருதி இருக்கும். அதன் இரைப்பையில் 1,000 புழுக்கள் இருப்பின் நாள்தோறும் 50 மில்லிலிட்டர், அதாவது மொத்தக் குருதியில் 4 விழுக்காடு, வெளியேறுகிறது. செம்மறியாட்டின் சிவப்பணு ஏறத்தாழ 140 நாள்கள் வாழக்கூடியது. ஆகவே நலமான ஆட்டின் எலும்பு மச்சை நாள்தோறும் 0.7 விழுக்காட்டளவு சிவப்பணுக்களையே புதிதாக ஆக்கினால் போதும். தொற்றுக்குள்ளான ஆட்டில் இவ்வாக்கம் மூன்று மடங்காக உயர்ந்தாலும் அது 2.1 விழுக்காட்டையே எட்டும். 4 விழுக்காட்டு இழப்பை ஈடுசெய்யாது.

இதே ஆட்டில் 200 புழுக்களே இருந்தால் இழப்பு நாளொன்றுக்கு 10 மில்லிலிட்டர், அதாவது 0.8 விழுக்காடு. மச்சை தன் உழைப்பை இரு மடங்கிற்குச் சற்று மிகுதியாக்கி இதனைத் தாங்கிக்கொள்ளும். புழு உள்ள ஆடுகள் அனைத்தும் நோயுற்ற ஆடுகள் ஆகாமைக்கு இதுவே காரணம். நோயைத் தீர்மானிப்பது புழு இருப்பதன்று. இழப்பிற்கும் ஆக்கத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடே ஆகும்.

3. குருதிச்சோகையின் மூன்று நிலைகள்

குருதியை நுண்குழாயில் எடுத்து மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் திரளும். மொத்தக் குருதியில் அத்திரள் வகிக்கும் விழுக்காடே சிவப்பணுக் கனஅளவு எனப்படுகிறது. நலமான செம்மறியாட்டில் இது 27 முதல் 45 வரையும், வெள்ளாட்டில் 22 முதல் 38 வரையும் இருக்கும். மெரினோ இனச் செம்மறியாடுகளில் சிவப்பணுக்களின் இயக்கத்தை ஆராய்ந்து டார்கி, அலன்பி ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயின் சோகை மூன்று நிலைகளில் வளர்வதைப் புலப்படுத்தியது.

முதல் நிலையில் இழப்பு தொடங்கிவிட்டது; எலும்பு மச்சை இன்னும் முழுமையாகத் தூண்டப்படவில்லை. சிவப்பணுக் கனஅளவு விரைந்து சரிகிறது. இந்நிலையில் அணுக்களின் எண்ணிக்கை குறையுமேயன்றி, அவற்றின் பருமனும் நிறமும் இயல்பாகவே இருக்கும். மிகக் கடுமையான தொற்றில் ஆடு இந்நிலையிலேயே, உடல் மெலியாமலே இறந்துவிடக்கூடும்.

இரண்டாம் நிலையில் சிவப்பணு ஆக்கம் இரண்டு, மூன்று மடங்காக உயர்கிறது. கனஅளவு தாழ்ந்த ஓர் அளவில் சில வாரங்கள் நிலைத்து நிற்கிறது. இந்நிலைப்பாடு நோய் தணிந்ததைக் காட்டுவதன்று. குருதி நீர்த்துவிட்டதால் புழு உறிஞ்சும் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் சிவப்பணுக்கள் குறைவாகவே உள்ளன. அதனால் இழப்பு ஆக்கத்திற்குச் சமமாகிறது. மேற்கண்ட கணக்கின்படி, 1,000 புழுக்களைத் தாங்கும் ஆட்டில் சிவப்பணுக்கள் இயல்பளவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தபின்னரே இச்சமநிலை எட்டப்படும். குருதிப் பூச்சில் இளம் அணுக்கள் தென்படுவதால் அணுக்களின் சராசரிப் பருமன் சற்று மிகும். நீலப் புள்ளிகள் கொண்ட சிவப்பணுக்களும் காணப்படும். அசைபோடும் விலங்குகளில் இப்புள்ளிகள் மச்சை விழிப்புடன் இயங்குவதன் அடையாளமாகும்.

மூன்றாம் நிலையில் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. 1 கிராம் ஹீமோகுளோபினில் ஏறத்தாழ 3.4 மில்லிகிராம் இரும்பு உள்ளது. 100 மில்லிலிட்டருக்கு 11 கிராம் ஹீமோகுளோபின் கொண்ட குருதியில் 50 மில்லிலிட்டர் வெளியேறினால் ஏறத்தாழ 19 மில்லிகிராம் இரும்பும் உடன் செல்கிறது. குடலுக்குள் வடிந்த இரும்பில் சிறு பகுதியே மீண்டும் உட்கொள்ளப்படுகிறது. இரும்பில்லாத மச்சை சிறிய, வெளிறிய அணுக்களையே ஆக்கும். இரண்டாம் நிலையில் நிலைத்திருந்த கனஅளவு மறுபடியும் சரியத் தொடங்குகிறது. பாலில் இரும்பு குறைவாதலால், பாலை மட்டும் நம்பியிருக்கும் குட்டிகள் இந்நிலையை விரைவில் அடைகின்றன.

4. புரதமும் வெள்ளையணுக்களும்

குருதியுடன் பிளாஸ்மாவும் வெளியேறுவதால் புரதம் குறைகிறது. கல்லீரல் ஆல்புமின் ஆக்கத்தை மிகுதியாக்கினாலும் இழப்பு முந்திவிடுகிறது. குருதிக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்துவைப்பது ஆல்புமினே. அது குறையும்போது நீர் திசுக்களுக்குள் கசிகிறது. ஆடு தலையைத் தாழ்த்தி மேய்வதால் அந்நீர் கீழ்த்தாடைக்கு அடியில் தேங்குகிறது. தாடை வீக்கம் என்னும் அறிகுறி இவ்வாறே உருவாகிறது. ஆதலின் வீக்கம் தெரியும் நாளில் நோய் நெடுந்தொலைவு முன்னேறியிருக்கும்.

வெள்ளையணுக்களுள் இயோசினோஃபில் வகை அணுக்கள் பெருகுவதுண்டு. இது புழுவிற்கு எதிராக உடல் எழுப்பும் எதிர்வினையின் பகுதியாகும். எனினும் புழுத் தொற்றுகள் பலவற்றிலும் இப்பெருக்கம் காணப்படுவதால், இதனைக்கொண்டு மட்டும் ஹீமோன்கஸ் தொற்றை உறுதிசெய்ய இயலாது.

5. செம்மறியாடும் வெள்ளாடும்

இரு விலங்குகளையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் குருதி ஆய்விலும் மருத்துவத்திலும் பிழைக்கு இடமளிக்கிறது. வெள்ளாட்டின் சிவப்பணு மிகச் சிறியது. அதன் சராசரிப் பருமன் 16 முதல் 25 ஃபெம்டோலிட்டர் வரையே. செம்மறியாட்டில் இது 28 முதல் 40 வரை அமைகிறது. செம்மறியாட்டிற்குரிய அளவுகோலை வெள்ளாட்டிற்குப் பொருத்தினால், நலமான வெள்ளாடும் இரும்புக் குறைபாடுடையதாகத் தோன்றும்.

இயல்பாகவே தழைகளைக் கடித்து உண்ணும் வெள்ளாடு, தரையோடு ஒட்டிய புல்லில் வாழும் இளம்புழுக்களை அதிகம் எதிர்கொள்வதில்லை. புழுவிற்கு எதிரான அதன் எதிர்ப்பாற்றலும் செம்மறியாட்டினதைவிடக் குறைவு. மேய்ச்சல் நிலத்தில் புல்லை மட்டும் மேயவிடப்படும்போது அது எளிதில் கடுந்தொற்றுக்கு ஆளாகிறது. புழுநீக்க மருந்துகள் பலவும் வெள்ளாட்டின் உடலிலிருந்து விரைவாக வெளியேறிவிடுகின்றன. ஆகவே செம்மறியாட்டிற்கான அளவை அப்படியே அளித்தால் மருந்து குறைபட்டு, வலிய புழுக்கள் எஞ்சுகின்றன. உரிய அளவைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

6. இமையில் தெரியும் குருதி

ஆய்வகம் இல்லாத இடத்தில் சோகையை அளக்கும் வழியைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். ஆட்டின் கீழிமையை மெல்ல விலக்கி, உட்புறச் சவ்வின் நிறத்தை ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டையுடன் ஒப்பிடுவதே அம்முறை. இதனை உருவாக்கிய ஃபாஃபா மலான் என்பவரின் பெயரையொட்டி இது ஃபமாச்சா எனப்படுகிறது. செந்நிறமான முதல் படி 28 விழுக்காடும் அதற்கு மேலுமான சிவப்பணுக் கனஅளவைக் குறிக்கும். இரண்டாம் படி 23 முதல் 27, மூன்றாம் படி 18 முதல் 22, நான்காம் படி 13 முதல் 17, வெளிறிய ஐந்தாம் படி 12 அல்லது அதற்குக் கீழ் என அமைகின்றன. நான்கு, ஐந்தாம் படிகளிலுள்ள ஆடுகளுக்கு மருந்து கட்டாயம். குட்டிகள், சினையாடுகள், பாலூட்டும் தாயாடுகள் மூன்றாம் படியிலிருந்தாலே மருந்தளிப்பது பாதுகாப்பானது. மழைக்காலத்தில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. கண்நோயும் தூசியும் இமையைச் செந்நிறமாக்கிச் சோகையை மறைக்கலாம். கல்லீரல் தட்டைப்புழு, உண்ணிகள் பரப்பும் குருதி ஒட்டுண்ணிகள், ஊட்டக்குறைவு ஆகியவற்றாலும் இமை வெளிறும். எனவே ஹீமோன்கஸ் மிகுந்துள்ள பகுதிகளில், பயிற்சி பெற்றவர் கையாளும்போதே இது நம்பகமானது. புழுக்கை ஆய்வும் துணைநிற்றல் வேண்டும்.

7. மருந்தெதிர்ப்பும் தேர்ந்தளிக்கும் மருத்துவமும்

தையபெண்டசோல் என்னும் மருந்து 1961இல் அறிமுகமாயிற்று. அதற்கு மசியாத ஹீமோன்கஸ் புழுக்கள் 1964இலேயே அறிவிக்கப்பட்டன. பின்வந்த மருந்துக் குடும்பங்களும் இதே நிலையை எய்தின. புழு இடும் முட்டைகளின் மிகுதியும், அதன் மரபணுக்களில் உள்ள பல்வகைமையும் எதிர்ப்பு விரைந்து பரவுவதற்குக் காரணங்களாகும்.

மந்தையில் புழுக்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையான ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. நாட்காட்டியைப் பார்த்து எல்லா ஆடுகளுக்கும் மருந்தளித்தால், மருந்திற்கு மசியும் புழுக்கள் அனைத்தும் அழிந்து, மசியாதவை மட்டுமே அடுத்த தலைமுறையைத் தோற்றுவிக்கும். மழை தொடங்குமுன், மேய்ச்சல் நிலத்தில் இளம்புழுக்கள் அருகியிருக்கும் வேளையில் அவ்வாறு செய்வது இன்னும் கேடு தரும். சோகையுற்ற ஆடுகளுக்கு மட்டும் மருந்தளித்தால், ஏனைய ஆடுகளில் எஞ்சும் மசியும் புழுக்கள் வலியவற்றுடன் கலந்து எதிர்ப்பின் வேகத்தைக் குறைக்கும். மருந்தளித்த 10 முதல் 14 நாள்களுக்குள் புழுக்கையிலுள்ள முட்டை எண்ணிக்கை 95 விழுக்காடேனும் குறையவில்லையெனில் எதிர்ப்பு உண்டென ஐயுறலாம்.

புழு குருதியை உண்பதையே அதற்கு எதிராகத் திருப்பும் தடுப்பூசி 2014இல் ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகளுக்கென விற்பனைக்கு வந்தது. பார்பர்வேக்ஸ் எனப்படும் இதில் புழுவின் குடற்சுவரிலுள்ள புரதங்கள் அடங்கியுள்ளன. ஆட்டின் உடல் அப்புரதங்களுக்கு எதிர்ப்பொருள்களை ஆக்குகிறது. குருதியை உறிஞ்சும் புழு அவ்வெதிர்ப்பொருள்களையும் சேர்த்தே உட்கொள்வதால் அதன் செரிமானம் பாதிக்கப்படுகிறது. பாதுகாப்பு நிலைக்க மீண்டும் மீண்டும் ஊசியிடுதல் தேவைப்படுகிறது.

முடிவுரை

ஹீமோன்கஸ் தொற்றில் ஆட்டின் உயிரைக் காப்பது புழுவை முற்றாக ஒழிப்பதன்று. குருதி இழப்பு ஆக்கத்தை மிஞ்சாதவாறு காப்பதே ஆகும். சிவப்பணுக் கனஅளவு நிலைத்திருப்பதை நலத்தின் அறிகுறியாகக் கொள்ளலாகாது என்பதும், தாடை வீக்கம் காலம் கடந்த அறிகுறி என்பதும், வெள்ளாட்டிற்குத் தனி அளவுகோல் தேவை என்பதும் மேற்கண்டவற்றால் பெறப்படும். குருதியை அளந்தோ இமையைப் பார்த்தோ மருந்தளிக்கும் வழக்கம் வேரூன்றினால், இன்று எஞ்சியுள்ள சில மருந்துகளின் ஆற்றலும் நீடிக்கும். ஆட்டைச் சேமிப்பாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது செலவைக் குறைத்து இழப்பையும் குறைக்கும் வழியாகும். நாட்டின ஆடுகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் உரிய குருதி இயல்பளவுகளை அந்தந்த இனத்திலேயே வகுத்தளிப்பது, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.